பாவித்த 7.3 பவர்ஸ்ரோக்: குளிரில் வெள்ளைப் புகை. குளோ பிளக்கா, ரிலேயா?

பனிவழி (பிராம்ப்ரன்)

எல்லோருக்கும் வணக்கம். கோடை முடியும் நேரத்தில் 2002ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-250 சுப்பர் டியூட்டி ஒன்றைப் பாவித்த வண்டியாக வாங்கினேன். 7.3 லீற்றர் பவர்ஸ்ரோக் டீசல், ஓட்டோ கியர். பாரி நகருக்கு வடக்கே ஒரு பண்ணையில் நின்ற வண்டி. அடியில் துரு இருக்கிறது, ஆனால் என்ஜின் சத்தம் ஒழுங்காக இருந்தது, ஒயில் கசிவும் இல்லை. இரவில் கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களில் பனி வழிக்கும் வேலைக்காகத்தான் வாங்கினேன்.

ஒக்ரோபர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே போனதும் தொல்லை தொடங்கியது. −10 அளவில், இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்ரார்ட் பண்ணினால் நீண்ட நேரம் சுற்றுகிறது. சுற்றும்போதே பின்னால் வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கிற டீசல் மணம். பிடித்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் வண்டி முழுவதும் நடுங்கும். அப்புறம் சரியாகிவிடும். வீட்டில் புளொக் ஹீற்றரை (என்ஜினைச் சூடாக்கி வைக்கும் மின்சார ஹீற்றர்) செருகி வைத்தால் திறப்பைத் திருப்பியவுடனே பிடிக்கிறது. வேலையிடத்தில் செருக இடமில்லை என்பதுதான் பிரச்சினை.

டாஷ்போர்ட்டில் 'ஸ்ரார்ட் பண்ணக் காத்திரு' விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைகிறது. அதனால் குளோ பிளக் (குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) வேலை செய்கிறது என்று எடுக்கலாமா? முந்தைய சொந்தக்காரர் எட்டுப் பிளக்கும் மாற்றியதாகச் சொன்னார், ஆனால் பற்றுச்சீட்டு இல்லை. பக்கத்துக் கராஜ் ஒன்றில் கேட்டேன். மீற்றர் எதுவும் வைத்துப் பார்க்காமலே எட்டுப் பிளக், இரண்டு பக்கக் கஸ்கெற், கூலி எல்லாம் சேர்த்து ஒரு பெரிய தொகை சொன்னார்கள். பிளக்கை மூடியிருக்கும் வால்வ் கவரைத் திறக்காமல் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? என்னிடம் ஒரு சாதாரண மல்ரிமீற்றரும் ரெஸ்ற் லாம்பும் இருக்கின்றன. பற்றரி இரண்டும் போன மாதம் புதிதாகப் போட்டவை.

கிழக்குத்தெரு

தம்பி, என்னிடம் முன்பு ஒரு பழைய டீசல் வான் இருந்தது. குளிருக்கு ஈதர் ஸ்பிரே கொஞ்சம் காற்று வழியில் அடித்தால் உடனே பிடிக்கும். கடைகளில் மலிவு. பிளக் மாற்றும் வரைக்கும் அப்படிச் சமாளிக்கலாமே?

மீற்றர்க்காரன் (மிசிசாகா)

ஈதரை இந்த வண்டிக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். கிழக்குத்தெரு அண்ணை நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் இந்த என்ஜினில் சிலிண்டருக்குள்ளே பிளக் சிவந்து நிற்கும், உள்ளே போகும் காற்றைச் சூடாக்கவும் ஒரு ஹீற்றர் உண்டு. ஈதர் அவற்றில் பட்டால் பிஸ்ரன் மேலே வந்து சேர முதலே வெடிக்கும். பிஸ்ரன் உடையலாம், கொனெக்ரிங் றொட் வளையலாம். எட்டுப் பிளக்கில் இரண்டு மட்டும் வேலை செய்தாலும் அந்த ஆபத்து அப்படியே இருக்கிறது.

இனி உங்கள் வண்டி. நான் இந்த 7.3 என்ஜின்களோடு நெடுங்காலம் வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் சொன்ன அறிகுறிகள். வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியாமல் வெளியே வருகிறது. அப்படியென்றால் இன்ஜெக்ரர் அடிக்கிறது, காம் சென்சர் (என்ஜின் சுழலும் நிலையைக் கொம்பியூற்றருக்குச் சொல்வது) வேலை செய்கிறது. சுற்றும்போது புகையே இல்லை என்றால் தேடல் வேறு பக்கம் போயிருக்கும். புளொக் ஹீற்றரோடு உடனே பிடிக்கிறது என்பது அடுத்த துப்பு. குறைவது சூடு மட்டும்தான். ஆகவே குளோ பிளக் சுற்றில்தான் பிழை என்று நானும் நினைக்கிறேன். ஆனால் சுற்று என்பது பிளக் மட்டும் இல்லை. பற்றரியிலிருந்து தடித்த வயர், ரிலே (பிளக்குக்கு மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), அங்கிருந்து இரண்டு பக்க வால்வ் கவருக்கும் போகும் வயர்க்கட்டு, கவரின் ஓரத்திலுள்ள கனெக்ரர், கவருக்கு உள்ளே ஒரு சின்ன வயர்க்கட்டு, அதற்குப் பிறகுதான் பிளக். பிளக்கில் கை வைக்க முதல் இத்தனை இடத்தையும் பார்க்கலாம். முக்கால்வாசி வேலைக்குக் கவரைத் திறக்கவே தேவையில்லை.

டாஷ்போர்ட் விளக்கை நம்ப வேண்டாம். அது வண்டியின் கொம்பியூற்றர் நேரக் கணக்கில் போட்டு அணைக்கும் விளக்கு. பிளக் சுடுகிறதா, ரிலே ஒட்டியதா என்று அதற்குத் தெரியாது. எட்டுப் பிளக்கையும் கழற்றி மேசையில் வைத்தாலும் அந்த விளக்கு அப்படியேதான் எரியும். விளக்கு 10 விநாடிக்குள் அணைந்துவிடும். ஆனால் கடும் குளிரில் ரிலே 2 நிமிடம் வரைக்கும் ஒட்டியபடி இருக்கும். எவ்வளவு நேரம் என்பதை ஒயிலின் வெப்பநிலையைப் பார்த்துத்தான் கொம்பியூற்றர் தீர்மானிக்கிறது. ஒயில் 55 பாகை செல்சியசைத் தாண்டியிருந்தால் ரிலேயைப் போடவே போடாது. ஆகவே இந்தச் சோதனை எல்லாம் காலையில், இரவு முழுக்க நின்ற என்ஜினில்தான் செய்ய வேண்டும். பகலில் ஓடிவிட்டு வந்து பார்த்தால் நல்ல ரிலேயும் பழுது போலத்தான் தெரியும்.

ரிலே எங்கே என்றால், என்ஜினுக்கு மேலே, பயணி இருக்கும் பக்கம், டீசல் ஃபில்ரர் கிண்ணத்துக்கு அருகே. கறுப்பாக, உருண்டையாக, இரண்டு தடித்த முனையும் இரண்டு சிறிய முனையும் உள்ள ஒன்று. உங்கள் ஆண்டு வண்டிகளில் அதே தோற்றத்தில் இரண்டு ரிலே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மற்றது காற்று ஹீற்றருக்குரியது. எதிலிருந்து போகும் வயர் இரண்டு பக்க வால்வ் கவருக்கும் பிரிந்து போகிறதோ அதுதான் குளோ பிளக் ரிலே. வயரைக் கையால் தொடர்ந்து போய்ப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். தவறான ரிலேயை அளந்து, புதிது வாங்கிப் பூட்டிவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவ்வில் பிடியுங்கள். திறப்பு மூடியிருக்கும்போது ஒரு தடித்த முனையில் முழு பற்றரி வோல்ற் இருக்க வேண்டும். அங்கேயே இல்லை என்றால் பற்றரியிலிருந்து வரும் வயர், அதன் வழியில் உள்ள உருகு இணைப்பு, துருப்பிடித்த முனை இவற்றைப் பாருங்கள். பிறகு இன்னொருவரைத் திறப்பைப் போடச் சொல்லுங்கள், ஸ்ரார்ட் பண்ண வேண்டாம். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். சத்தம் இல்லை என்றால் சிறிய இரண்டு முனைகளைப் பாருங்கள். ஒன்றுக்குத் திறப்பு வழியாக 12 வோல்ற் வரும், மற்றதைக் கொம்பியூற்றர் நிலத்தோடு இணைக்கும். இரண்டுக்கும் நடுவே மீற்றரில் 12 காட்டியும் ரிலே அடிக்கவில்லை என்றால் ரிலே பழுது. 12 காட்டவில்லை என்றால் ரிலேயைக் குறை சொல்லாமல் வயரையும் ஒயில் வெப்பநிலைச் சென்சரையும் பாருங்கள். ஸ்கானர் இருந்தால் காலையில் அந்தச் சென்சர் வெளிக் குளிருக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். −10 குளிரில் அது 60 காட்டினால் காரணம் அதுதான்.

சத்தம் கேட்டால் எல்லாம் சரி என்றும் எடுக்க வேண்டாம். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த என்ஜினில் நான் அதிகம் கண்ட பழுது, ரிலே அடிக்கும், உள்ளே தொடுமுனை கருகியிருக்கும். எட்டுப் பிளக்கும் தொடக்கத்தில் 100 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஒவ்வொரு குளிர்காலையும் அந்தத் தொடுமுனையில் பொறி பறந்து பறந்து அது தேய்கிறது. வெளியே பார்த்தால் புதிது போல இருக்கும். ஆகவே ரிலே ஒட்டியிருக்கும் நேரத்தில், சுமையோடு, இரண்டு தடித்த முனையையும் அடுத்தடுத்து அளவுங்கள். வித்தியாசம் அரை வோல்றுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்றைத் தாண்டினால் ரிலேயை மாற்றுங்கள். சிறிய வித்தியாசம் என்று விட வேண்டாம். வோல்ற் முக்கால்வாசியாகக் குறைந்தால் பிளக்கின் சூட்டு வலு பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும். விளக்கும் எரியும், ரிலேயும் அடிக்கும், பிளக் மட்டும் மங்கிப்போய் இருக்கும்.

அடுத்தது பிளக். திறப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்க வால்வ் கவர் ஓரத்திலும் உள்ள கனெக்ரரைக் கழற்றுங்கள். உங்கள் வண்டியில் பக்கத்துக்கு ஒன்று, 9 பின். இரண்டு ஓரங்களிலும் உள்ள இரண்டிரண்டு பின்கள் குளோ பிளக்குக்குரியவை. நடுவில் உள்ள 5 பின்னும் இன்ஜெக்ரருக்குரியவை. அந்த வயரில் 110 வோல்ற் அளவுக்கு வரும், திறப்புப் போட்டபடி அங்கே கை வைக்கவே கூடாது. கவர்ப் பக்கத்துப் பின்னுக்கும் பற்றரி நெகற்றிவ்வுக்கும் நடுவே ஓம் (மின்தடை) அளவுங்கள். 0.6 முதல் 2 வரை நல்லது. மலிவு மீற்றரில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3, 0.4 காட்டும். அதை முதலில் பார்த்துக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல பிளக்கையும் கெட்டது என்று எறிவீர்கள். எல்லையற்றது என்று காட்டினால் அந்த வழி எங்கோ அறுந்திருக்கிறது. எங்கோ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிளக்கே போயிருக்கலாம், அல்லது கவருக்குள்ளே பிளக்கின் தலையில் செருகியிருக்கும் கிளிப் கழன்றிருக்கலாம். வெளியிலிருந்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கனெக்ரரைக் கழற்றும்போது இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். பிளாஸ்ரிக் உருகிய தடம், பழுப்பு நிறம், உள்ளே தள்ளிப்போன பின், எல்லாம் இந்த என்ஜினில் வழக்கமானவை. இந்த வகை வண்டியின் கொம்பியூற்றர் எந்தப் பிளக் போனது என்று தனித்தனியாகச் சொல்லாது. கலிஃபோர்னியாவுக்கென்று செய்த வண்டிகளில் ரிலேக்குப் பதிலாக ஒரு மொடியூல் இருக்கும், அது சொல்லும். நமக்கு மீற்றர்தான்.

அளவுகளை எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்கு முதல் ஒரு சாமானும் வாங்க வேண்டாம்.

எட்மன்ரன் லொறி

மீற்றர்க்காரன் அண்ணை சொன்னதற்கு மேல் ஒரு விஷயம். இந்த 7.3 இன்ஜெக்ரரை ஒயில் அழுத்தம்தான் தள்ளுகிறது. ஏறக்குறைய 500 பிஎஸ்ஐ வரும் வரைக்கும் இன்ஜெக்ரர் அடிக்காது. 15டபிள்யூ-40 ஒயில் கடும் குளிரில் கூழாகிவிடும், அழுத்தம் ஏற நேரம் எடுக்கும், ஸ்ரார்ற்றரும் மெதுவாகச் சுற்றும். இங்கே −30 சாதாரணம், நாங்கள் குளிர்காலத்துக்கு 5டபிள்யூ-40 சிந்தற்றிக்தான் ஊற்றுகிறோம். 14 லீற்றர் பிடிக்கும், செலவுதான், ஆனால் வித்தியாசம் முதல் காலையிலேயே தெரியும்.

பற்றரி புதிது என்றீர்கள். நல்லது. என்றாலும் சுற்றும்போது வோல்ற் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள். 10க்குக் கீழே போனால் பற்றரி முனைகளையும் நிலத்துக்குப் போகும் வயரையும் சுத்தம் பண்ணுங்கள். இரண்டு பற்றரிக்கும் தனித்தனி நில வயர், பயணி பக்கத்து வயர் துருப்பிடித்து நிற்பதை அடிக்கடி கண்டிருக்கிறேன்.

புளொக் ஹீற்றர் 1000 வாற். இரவு முழுக்கப் போட்டு வைக்கத் தேவையில்லை. ரைமர் ஒன்றில் செருகி, புறப்பட மூன்று மணி நேரத்துக்கு முன் எரிய வைத்தால் போதும்.

மலையோரம் (நுவரெலியா)

அண்ணன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் மரக்கறி ஏற்றும் பழைய ஹைலக்ஸ் டபிள் கெப் இருக்கிறது, 3எல் என்ஜின். விடியற்காலைக் குளிரில் இதே வெள்ளைப் புகைதான். இதே மாதிரி ஓம் அளந்து பார்க்கலாமா?

மீற்றர்க்காரன் (மிசிசாகா)

அளக்கலாம் தம்பி, ஆனால் ஒரு வேலை முதலில் செய்ய வேண்டும். ஹைலக்சில் நாலு பிளக்கின் தலையையும் ஒரே உலோகப் பட்டை இணைத்திருக்கும். அந்தப் பட்டையைக் கழற்றாமல் அளந்தால் நாலையும் சேர்த்துத்தான் மீற்றர் காட்டும், ஒன்று போனாலும் தெரியாது. சின்ன நட்டுகளைக் கழற்றிப் பட்டையை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அளவுங்கள். நட் உள்ளே விழாமல் கவனம். இன்னொன்று, பழைய ரொயோட்டாக்கள் பலவற்றில் பிளக் 12 வோல்றுக்குரியது அல்ல, குறைந்த வோல்ற் வகை. பற்றரியிலிருந்து நேரே வயர் பிடித்துச் சிவக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், நல்ல பிளக்கும் எரிந்துபோகும். பிளக்கின் உடலில் வோல்ற் எழுதியிருக்கும்.

பனிவழி (பிராம்ப்ரன்)

மிக்க நன்றி எல்லோருக்கும். இன்று காலை −13, வண்டி நேற்று மாலையிலிருந்து நின்றது. மனைவி உள்ளே இருந்து திறப்பைப் போட்டார்.

ரிலே அடிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒட்டியிருக்கும்போது பற்றரியில் 11.7, ரிலேயின் வரும் முனையில் 11.5, போகும் முனையில் 8.6. மூன்று தரம் தொட்டுப் பார்த்தேன், ஒரே அளவுதான்.

ஓட்டுநர் பக்கத்து நாலு பிளக்கும், மீற்றர் வயரின் 0.3ஐக் கழித்தால் 0.7க்கும் 0.9க்கும் இடையில். பயணி பக்கத்தில் மூன்று அப்படியே, ஒன்று எல்லையற்றது. கனெக்ரர்களில் கருகல் இல்லை. சுற்றும்போது பற்றரி 10.4.

இப்போது ரிலேயை மாற்றுவதா, கவரையும் திறப்பதா?

மீற்றர்க்காரன் (மிசிசாகா)

நல்ல சுத்தமான அளவுகள். ரிலேக்கு உள்ளேயே கிட்டத்தட்ட 3 வோல்ற் தொலைகிறது. உங்கள் புகைக்கும் நடுக்கத்துக்கும் முக்கிய காரணம் அதுதான். முதலில் ரிலே. இந்த வண்டிக்காரர்கள் பலரும் வைற் றொஜர்ஸ் அல்லது ஸ்ரான்கோர் செய்யும் 586-902 என்ற ரிலேயைப் போடுகிறார்கள், நானும் அதைத்தான் போடுகிறேன். தொடர்ந்து நீண்ட நேரம் மின்சாரம் தாங்குவதற்கென்று செய்தது. கடையில் மலிவாகக் கிடைக்கிற ஸ்ரார்ற்றர் ரிலேயை வாங்க வேண்டாம். பார்வைக்கு ஒன்று போல இருக்கும், ஆனால் அது சில விநாடிச் சுமைக்குரியது. 2 நிமிடம் ஒட்டி நின்றால் சுருள் எரியும், அல்லது தொடுமுனை உருகி ஒட்டிப்போய்ப் பிளக் அணையாமலே இருக்கும்.

வேலை தொடங்க முதல் இரண்டு பற்றரியின் நெகற்றிவ்வையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றது வழியாக அந்தத் தடித்த முனையில் மின்சாரம் இருக்கும். ஸ்பானர் பட்டால் பெரிய பொறி.

ரிலே போட்டதும் ஏழு பிளக் முழுச் சூட்டில் இருக்கும், அது −20 வரைக்கும் ஸ்ரார்ட் பண்ணப் போதும். எட்டாவதற்காகக் கடும் குளிரில் வெளியே நின்று கவரைத் திறக்கத் தேவையில்லை, குளிர் கொஞ்சம் குறைந்த நாளில் செய்யுங்கள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் கஸ்கெற்றும் உள் வயர்க்கட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வண்டியில் கனெக்ரர் கஸ்கெற்றோடு சேர்ந்தே வரும். திறந்ததும் எதையும் இழுக்காமல் கிளிப் பிளக்கின் தலையில் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கிளிப்பை எடுத்துப் பிளக்கின் தலையிலேயே நேரே ஓம் அளவுங்கள். பிளக் நல்லதென்றால் அதைத் தொட வேண்டாம். மாற்றத்தான் வேண்டும் என்றால் 10 மில்லிமீற்றர் ஆழமான சொக்கற், என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது மெதுவாக. திரும்பப் பூட்டும்போது 14 அடி-பவுண்டுக்கு மேல் இறுக்க வேண்டாம்.

பனிவழி (பிராம்ப்ரன்)

தகவல் சொல்ல வந்தேன். ரிலே போன வாரம் பூட்டினேன். இப்போது வரும் முனையில் 11.3, போகும் முனையில் 11.1. மறுநாள் −17, புளொக் ஹீற்றர் செருகவில்லை. விளக்கு அணைந்த பிறகும் அரை நிமிடம் காத்திருந்து திருப்பினேன், சட்டென்று பிடித்தது. கொஞ்சம் புகை, உடனே தெளிந்துவிட்டது. கடைத்தொகுதியில் இரண்டு இரவு வேலை செய்துவிட்டேன், ஒரு தயக்கமும் இல்லை.

நேற்று பூச்சியத்துக்கு மேலே வந்ததால் பயணி பக்கத்துக் கவரைத் திறந்தேன். முன்னாலிருந்து இரண்டாவது பிளக், அதாவது 3ஆவது சிலிண்டர். கிளிப் பாதி மேலே எழும்பி, பிளாஸ்ரிக் பழுப்பாகியிருந்தது. பிளக்கில் நேரே அளந்தால் 0.8. பிளக் எல்லாம் புதிது போலத்தான் இருக்கிறது, பண்ணைக்காரர் சொன்னது உண்மை. புது வயர்க்கட்டு புதன்கிழமைதான் வரும். அதுவரைக்கும் பழைய கிளிப்பைக் குறட்டால் கொஞ்சம் நெருக்கித் திரும்பச் செருகிக் கவரை மூடி ஓடலாமா?

மீற்றர்க்காரன் (மிசிசாகா)

புதன்கிழமை வரைக்கும் என்றால் ஓடலாம். ஆனால் பழுப்பான கிளிப் இறுக்கம் இழந்துவிட்டது, நெருக்கினாலும் சூட்டு ஒயிலில் ஒரு வாரத்தில் திரும்ப எழும்பும், அதையே நிரந்தரமாக விட வேண்டாம். இப்போதைக்குப் பழைய கஸ்கெற்றிலேயே மூடுங்கள், புதியதை வயர்க்கட்டு வந்த பிறகு போடுங்கள். அந்த நேரத்தில் மற்ற மூன்று கிளிப்பையும் புதிய கட்டோடு சேர்த்து மாற்றி, கவரை மூட முதல் 9 பின் கனெக்ரரில் நாலு பிளக்கையும் இன்னொருமுறை அளந்துவிடுங்கள். மூடிய பிறகு ஒன்று எல்லையற்றது என்று காட்டினால் எல்லா போல்ற்றையும் திரும்பக் கழற்ற வேண்டி வரும்.